விவாகரத்துக்குப் பிறகு அறக்கட்டளைச் சொத்து: எந்த நீதிமன்றத்தின் படியேறுவது?

வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்

இந்த முறை வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான்கிலும் விவாகரத்து இருக்கிறது, நான்கிலும் 'டிரஸ்ட்' என்ற சொல் இருக்கிறது. ஆனால் நால்வரும் போக வேண்டிய இடம் ஒன்றல்ல. கடிதம் எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் நலன் கருதித் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்குத் திருமணமான ஐந்தாம் ஆண்டில், 2014-ல், என் தந்தை தண்டையார்பேட்டையில் தமக்கிருந்த வீட்டையும் அதன் கீழ்த்தளத்தில் உள்ள இரண்டு கடைகளையும், எனக்கும் என் மகளுக்கும் பயன்படும்படி ஓர் அறக்கட்டளைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தார். அப்போது என் கணவராக இருந்தவரையும் என் அண்ணனையும் டிரஸ்டிகளாக நியமித்தார். தந்தை காலமாகிவிட்டார். 2022-ல் எங்களுக்குப் பரஸ்பர சம்மதத்தின்பேரில் விவாகரத்தாயிற்று. ஆனால் கடை வாடகையை இன்றும் அவரே வசூலிக்கிறார். கணக்குக் கேட்டால், "திருமணம்தான் ரத்தானது, டிரஸ்டி பொறுப்பு ரத்தாகவில்லை" என்கிறார். விவாகரத்து மனுவில் 'இனி ஒருவர் மீது ஒருவருக்கு எவ்வித உரிமையும் இல்லை' என்று நான் கையெழுத்திட்டிருப்பதைக் காட்டுகிறார். தகராறு வந்தால் நடுவரே (ஆர்பிட்ரேட்டர்) தீர்க்க வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு ஷரத்து வேறு இருக்கிறது. உறவினர்கள் ஃபேமிலி கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். பத்திர எழுத்தர் சிவில் கோர்ட் என்கிறார். மகளுக்கு வயது 13. நான் எங்கே போக வேண்டும்?
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பத்திர எழுத்தர் சொன்னதுதான் சரி. உங்கள் வழக்கு உரிமையியல் (சிவில்) நீதிமன்றத்துக்கு உரியது. ஏன் என்பதை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொண்டால்தான் எதிர்த்தரப்பு ஆட்சேபம் கிளப்பும்போது கலங்காமல் இருக்க முடியும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உறவினர்கள் சொன்னதற்கும் அடிப்படை இல்லாமல் இல்லை. 1984-ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம், 7-ஆவது பிரிவின் விளக்கத்தில் மூன்றாவதாக, திருமணத்தின் தரப்பினர் இருவருக்கிடையே, அவர்கள் இருவருடைய அல்லது அவர்களில் ஒருவருடைய சொத்து குறித்து எழும் வழக்குகளைக் குடும்பநல நீதிமன்றத்திடம் ஒப்படைக்கிறது. அப்படி ஒப்படைக்கப்பட்டவற்றை வேறு உரிமையியல் நீதிமன்றம் விசாரிக்க 8-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. விவாகரத்து முடிந்துவிட்ட பிறகும் அவர்கள் 'தரப்பினர்' ஆவார்களா என்ற ஐயத்தை, கே.ஏ. அப்துல் ஜலீல் எதிர் டி.ஏ. ஷாஹிதா வழக்கில் 2003-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. மணமுறிவு பெற்றவர்களுக்கிடையேயான சொத்துத் தகராறையும் குடும்பநல நீதிமன்றம் விசாரிக்கலாம் என்பதே அந்தத் தீர்ப்பு. ஆகவே விவாகரத்து ஆகிவிட்டது என்ற ஒரே காரணத்தால் குடும்பநல நீதிமன்றத்தின் அதிகாரம் போய்விடுவதில்லை.

உங்கள் விஷயத்தில் தடையாக நிற்பது வேறொன்று. கடை வாடகை மீது உங்களுக்கு உள்ள உரிமை அவருடைய மனைவியாக இருந்ததால் வந்ததா, பத்திரத்தில் பயனாளியாக எழுதப்பட்டதால் வந்ததா? அவர் வாடகை வசூலிப்பது கணவர் என்ற முறையிலா, டிரஸ்டி என்ற முறையிலா? இந்த இரண்டு கேள்விக்கும் விடை பத்திரத்தில்தான் இருக்கிறது, திருமணத்தில் இல்லை. நாளையே உங்கள் அண்ணன் வாடகையைக் கையாடினாலும் இதே வழக்கை இதே வடிவில் அவர் மீதும் போட வேண்டியிருக்கும். அது மட்டுமல்ல, உங்கள் மகள் ஒரு பயனாளி, உங்கள் அண்ணன் ஒரு டிரஸ்டி. அவர்கள் இருவரும் உங்கள் திருமணத்தின் தரப்பினர் அல்லர். அவர்களுடைய உரிமையையும் பொறுப்பையும் முடிவு செய்யாமல் இந்த வழக்கைத் தீர்க்க இயலாது. குறிப்பிட்ட சிலரின் நன்மைக்காக ஏற்படுத்தப்படும் தனியார் அறக்கட்டளைக்கு 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டம் இருக்கிறது. அது பரிகாரம் தேடச் சொல்லும் இடம் உரிமையியல் நீதிமன்றம்.

நடுவர் ஷரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். விமல் கிஷோர் ஷா எதிர் ஜயேஷ் தினேஷ் ஷா வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம், அறக்கட்டளையின் நிர்வாகம், டிரஸ்டிகளுக்குள் எழும் பிணக்கு, டிரஸ்டிக்கும் பயனாளிக்கும் இடையிலான தகராறு ஆகியவற்றை நடுவர் தீர்ப்புக்கு அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டது. பத்திரத்தை எழுதியவர் உங்கள் தந்தை. அதில் நீங்களோ உங்கள் மகளோ ஒப்பந்தக்காரர்களாகக் கையெழுத்திடவில்லை. ஒப்பந்தமே இல்லாதவரை நடுவரிடம் போகச் சொல்ல முடியாது என்பது அத்தீர்ப்பின் காரணங்களில் ஒன்று.

உரிமையியல் நீதிமன்றம் என்றால் எது? டிரஸ்டியை மாற்ற வேண்டும் என்பது மட்டும்தான் கோரிக்கை, பெரிய எதிர்ப்பும் இல்லை என்றால், அறக்கட்டளைகள் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்கீழ் முதன்மை உரிமையியல் நீதிமன்றத்தில் மனு போடலாம். சென்னை நகருக்கு அது உயர் நீதிமன்றத்தின் அசல் உரிமையியல் பிரிவு, அதாவது வழக்குகளை நேரடியாக ஏற்று விசாரிக்கும் பிரிவு. நீங்கள் கேட்பதோ கணக்கு, வசூலான வாடகை, டிரஸ்டி நீக்கம், இடைக்காலத் தடை ஆகிய அனைத்தும். அவரும் எதிர்த்து நிற்கிறார். சாட்சி விசாரித்துத் தீர்க்க வேண்டிய இத்தகைய பிணக்குக்கு மனு போதாது, முறையான வழக்குத்தான் போட வேண்டும். வழக்கின் மதிப்பைப் பொறுத்து அது மாநகர உரிமையியல் நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போகும். மாநகர உரிமையியல் நீதிமன்றத்தின் பண வரம்பு 2018-ல் 25 லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்பநல நீதிமன்றம் உட்பட மூன்றுமே பாரிமுனையில் ஒரே வளாகத்தில் இருப்பதால், எங்கே போட்டாலும் உள்ளுக்குள் மாற்றிக்கொள்வார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடக்காது. அதிகாரமில்லாத நீதிமன்றத்தில் போட்ட வழக்குரை, உரிய இடத்தில் தாக்கல் செய்யும்படி உங்களிடமே திருப்பித் தரப்படும். நல்லெண்ணத்தோடு அங்கே செலவிட்ட காலத்தைக் காலவரையறைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு கழித்துக்கொடுக்கும் என்றாலும், போன ஆண்டுகள் போனவைதாம். அதைவிட மோசமானது, யாரும் ஆட்சேபிக்காமல் வழக்கு முடிந்து தீர்ப்பாணையும் கையில் வந்த பிறகு, அந்த வகை வழக்கை விசாரிக்கும் அதிகாரமே இல்லாத நீதிமன்றம் தந்தது என்று அது செல்லாததாகிப்போவது.

இதை வாசிக்கும் திருவொற்றியூர், மணலி, மாதவரம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பகுதிகள் மாநகராட்சியோடு 2011-ல் சேர்ந்தன. ஆனால் மாநகராட்சி எல்லை, வருவாய் மாவட்ட எல்லை, நீதிமன்றத்தின் ஆள்வரை (விசாரணை அதிகார எல்லை) ஆகிய மூன்றும் தனித்தனியே வரையப்படுபவை. அசையாச் சொத்து எந்த நீதிமன்றத்தின் ஆள்வரைக்குள் இருக்கிறதோ அங்கேதான் வழக்கு என்பதால், சொத்து வரி ரசீதில் சென்னை என்று இருப்பதை மட்டும் நம்பி மாநகர உரிமையியல் நீதிமன்றத்துக்கு வந்துவிடாதீர்கள்.

இனி அவர் சொல்லும் இரண்டு வாதங்கள். டிரஸ்டி பொறுப்பு தானாக ரத்தாகவில்லை என்பதில் அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. டிரஸ்டி எப்போது விடுவிக்கப்படுகிறார், எப்போது அவருக்குப் பதிலாக வேறொருவரை நியமிக்கலாம் என்பதை 71, 73 ஆகிய பிரிவுகள் பட்டியலிடுகின்றன. மரணம், பொறுப்பேற்க மறுத்தல், நொடிப்பு (திவால்), வெளிநாட்டில் குடியேறுதல், தகுதியின்மை என்று நீளும் அந்தப் பட்டியலில் விவாகரத்து இல்லை. ஆனால் பத்திரத்திலேயே சொல்லப்பட்ட முறையில் விடுவிக்கப்படலாம் என்று 71-ஆவது பிரிவு சொல்கிறது. எனவே பத்திரத்தை எடுத்து, டிரஸ்டிகளை நியமிக்கும் பத்தியை வரிவரியாக வாசியுங்கள். உங்கள் தந்தை அவரைப் பெயரும் தகப்பனார் பெயரும் சொல்லி மட்டும் நியமித்தாரா, அல்லது 'என் மகளின் கணவராக இருக்கும் வரை' என்பது போன்ற வரம்பு ஏதும் வைத்தாரா? அப்படி ஒரு வரி இருந்தால் வழக்கு பாதி முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. பயனாளியின் நலனுக்கு முரணான நலன் கொண்டவர் டிரஸ்டியாக இருக்கத் தகுந்தவர் அல்லர் என்பது 60-ஆவது பிரிவின் விளக்கம். தெளிவான, துல்லியமான கணக்கு வைத்திருந்து பயனாளி கேட்கும்போது தர வேண்டும் என்பது 19-ஆவது பிரிவு. டிரஸ்டிகள் ஒருவருக்கு மேல் இருந்தால் எல்லோரும் சேர்ந்தே செயல்பட வேண்டும் என்பது 48-ஆவது பிரிவு. உங்கள் அண்ணனின் கையெழுத்து இல்லாமல் அவர் கடைக்கு வாடகை ஒப்பந்தம் போட்டிருந்தால் அதன் நகலைத் தேடிப் பிடியுங்கள். அண்ணன் இத்தனை ஆண்டுகளாக ஏன் வாய் திறக்கவில்லை என்ற கேள்வியும் நீதிமன்றத்தில் எழும் என்பதால், அவரிடம் முன்கூட்டியே பேசி, வழக்கில் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கையெழுத்திட்ட வாசகத்தைப் பொறுத்தவரை, அது உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் அவரிடம் இருந்த கோரிக்கைகளைக் கட்டுப்படுத்தும் என்று அவர் வாதாடலாம், நீதிமன்றம் அதைப் பரிசீலிக்கவும் செய்யும். ஆனால் உங்கள் மகளின் உரிமையை அந்த ஒற்றை வரியால் விட்டுக்கொடுக்க உங்களுக்கும் அதிகாரமில்லை, அவருக்கும் இல்லை. மைனரைக் கட்டுப்படுத்தும் சமரசம் எதற்கும் நீதிமன்றத்தின் வெளிப்படையான அனுமதி வேண்டும் என்பது உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 32-ஆவது கட்டளை, 7-ஆவது விதி. பரஸ்பர விவாகரத்து மனுக்களில் இந்த வாசகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கும் பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். பிள்ளைகள் பெயரில் சொத்து இருக்கும் வீடுகளில் அது எத்தனை ஆண்டுத் தலைவலியாகிறது என்பதை மனு எழுதுபவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆகவே வழக்கில் மகளையும் ஒரு வாதியாகச் சேர்த்து, நீங்கள் அவளுடைய அடுத்த நண்பராக (மைனர் சார்பில் வழக்கு நடத்துபவராக) நின்று நடத்துங்கள்.

காலம் கடந்துவிட்டதே என்ற அச்சமும் வேண்டாம். குறிப்பிட்ட நோக்கத்துக்காகச் சொத்து ஒப்படைக்கப்பட்ட டிரஸ்டியிடமிருந்து அந்தச் சொத்தையோ அதன் வருமானத்தையோ கணக்கையோ கேட்கும் வழக்குக்கு எவ்வளவு காலம் ஆனாலும் தடை இல்லை என்கிறது 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு. பத்திரத்தின் சான்றிட்ட நகல், 2014 முதல் இன்று வரையிலான வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீதுகள், கடைக்காரர்கள் வாடகை செலுத்தியதற்கான ரசீது அல்லது வங்கிப் பதிவு ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு, வழக்கோடு கூடவே வாடகையை நீதிமன்றத்தில் கட்ட உத்தரவிடும்படி, அல்லது நீதிமன்றத்தின் சார்பில் சொத்தை நிர்வகிக்க ரிசீவர் ஒருவரை நியமிக்கும்படி இடைக்கால மனுவும் போடுங்கள். செலவு தாங்காது என்றால், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

கேள்வி: காசிமேட்டில் 2011-ல் என் உழைப்பில் சேர்த்த பணத்தில் மனைவி பெயரில் ஒரு வீடு வாங்கினேன். இப்போது விவாகரத்தாகிவிட்டது. என் நம்பிக்கையின் பேரில்தான் அவர் பெயரில் இருக்கிறது, அவர் எனக்கு டிரஸ்டி போலத்தான் என்று சிவில் வழக்குப் போடலாமா?
— வாசகர், காசிமேடு

பதில்: முந்தைய கடிதத்துக்கு நேர்மாறாக, உங்கள் வழக்கு குடும்பநல நீதிமன்றத்துக்கு உரியது. இங்கே பதிவான அறக்கட்டளைப் பத்திரம் இல்லை, மூன்றாவது பயனாளி இல்லை. முன்னாள் கணவனும் முன்னாள் மனைவியும், அவர்களில் ஒருவர் பெயரில் ஒரு வீடும்தான் இருக்கின்றன. நான் மேலே சொன்ன 2003-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அப்படியே பொருந்தும்.

ஆனால் வழக்கின் உள்ளடக்கம் உங்களுக்கு எளிதானதல்ல. அசையாச் சொத்தின் மீது அறக்கட்டளை ஏற்படுத்த, உயிலாக இல்லாவிட்டால், எழுத்தில் கையெழுத்திட்டுப் பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு. பணம் கொடுத்தவருக்காகவே பெயரளவு உரிமையாளர் சொத்தை வைத்திருக்கிறார் என்று வாதாட இடம் தந்த 82-ஆவது பிரிவை 1988-ஆம் ஆண்டின் பினாமிச் சட்டம் நீக்கிவிட்டது. மனைவி பெயரில் வாங்குவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் நீங்கள் வாங்கிய 2011-ல் நடைமுறையில் இருந்த 3-ஆவது பிரிவின்படி, அது மனைவியின் நன்மைக்காகவே வாங்கப்பட்டது என்றுதான் முதலில் அனுமானிக்கப்படும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். நிரூபிக்க முடிந்தால் கணவர் வழக்காடலாம் என்பதை நந்த் கிஷோர் மெஹ்ரா எதிர் சுசீலா மெஹ்ரா வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. பணம் உங்களிடமிருந்து போனது என்று காட்டினால் மட்டும் போதாது, எந்த எண்ணத்தில் கொடுத்தீர்கள் என்பதையும் காட்ட வேண்டும். மனைவிக்குப் பாதுகாப்பாக ஒரு வீடு இருக்கட்டும் என்ற எண்ணத்தில் அன்று வாங்கியிருந்தால், இன்று உறவு கெட்டுவிட்டதால் அந்த எண்ணத்தைத் திருத்தி எழுத முடியாது. இதை உங்கள் மனசாட்சியிடம் கேட்டுக்கொண்ட பிறகு வழக்கைப் பற்றி முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வியாசர்பாடியில் நானும் என் கணவரும் சேர்ந்து ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச மாலை வகுப்பு நடத்த ஒரு டிரஸ்ட் தொடங்கினோம். நன்கொடையில் ஓர் இடமும் வாங்கினோம். பிரிந்துவிட்டோம். பாதிப் பங்கை எந்த நீதிமன்றத்தில் கேட்பது?
— வாசகி, வியாசர்பாடி

பதில்: எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. அது பொது அறக்கட்டளை. அந்த இடம் உங்கள் இருவருடைய சொத்தும் அல்ல, ஒருவருடைய சொத்தும் அல்ல. ஆகவே குடும்பநல நீதிமன்றத்துக்கு அங்கே வேலையில்லை. கணவர் அறக்கட்டளைப் பணத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார், அவரை நீக்கி நிர்வாகத் திட்டம் வகுக்க வேண்டும் என்பது உங்கள் குறையானால், உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவின்கீழ், மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரலோ, அறக்கட்டளையில் அக்கறையுள்ள இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குத் தொடரலாம். உங்களை டிரஸ்டியாகச் செயல்படவிடாமல் தடுக்கிறார் என்பது மட்டுமே குறையானால் அது உங்கள் தனிப்பட்ட உரிமை. அதற்குச் சாதாரண உரிமையியல் வழக்கே போதும். 92-ஆவது பிரிவு பொது உரிமைக்கானது, தனிமனித உரிமைக்கானது அல்ல என்பதைச் சுவாமி பரமாத்மானந்த சரஸ்வதி வழக்கில் 1974-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இதே கேள்வியை வக்பு சொத்து தொடர்பாகக் கேட்ட மண்ணடி வாசகருக்கு: அது வக்பு தீர்ப்பாயத்துக்கு உரியது, உரிமையியல் நீதிமன்றத்துக்கு அல்ல.

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவர்கள். திருமணத்தையொட்டி என் மாமனார், ராயபுரத்தில் உள்ள வீட்டை எங்கள் இருவருக்கும், எங்களுக்குப் பின் பிள்ளைகளுக்கும் என்று டிரஸ்ட் போல எழுதி, செட்டில்மென்ட் பத்திரமாகப் பதிவு செய்து தந்தார். விவாகரத்து வழக்கு இப்போது நடந்துகொண்டிருக்கிறது, இன்னும் தீர்ப்பாகவில்லை. விவாகரத்து முடிந்த பிறகு வீட்டுக்குத் தனி வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.
— வாசகி, ராயபுரம்

பதில்: தயவுசெய்து தீர்ப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். உங்களுக்குப் பொருந்தும் 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தில் 40-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. திருமணத்துக்கு முன்போ பின்போ தம்பதியர் பேரில் செய்யப்பட்ட செட்டில்மென்ட் ஏதேனும் உண்டா என்று விவாகரத்துத் தீர்ப்பாணை வழங்குவதற்கு முன் விசாரித்து, அந்தச் சொத்து முழுவதையுமோ ஒரு பகுதியையோ கணவர், மனைவி, பிள்ளைகள் ஆகியோரில் யாருடைய நன்மைக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது அது. சட்டம் மாவட்ட நீதிமன்றத்துக்குத் தரும் அந்த அதிகாரத்தைச் சென்னையில் குடும்பநல நீதிமன்றம் செலுத்துகிறது. இந்து திருமணச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு இவ்வளவு தூரம் போவதில்லை. திருமணத்தின்போது அல்லது அதையொட்டி அளிக்கப்பட்டு இருவருக்கும் கூட்டாக உரிய சொத்தோடு அது நின்றுவிடுகிறது. உங்களுக்குக் கிடைத்திருப்பது அதைவிட அகலமான வழி. முதல் கடிதத்தில் விவாகரத்து ஒரு பக்கமும் அறக்கட்டளை ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்க, உங்கள் வழக்கில் சட்டமே இரண்டையும் ஒரே நீதிபதியின் முன் கொண்டுவந்து வைத்திருக்கிறது.

இந்தப் பிரிவின் காப்பு வாசகம் எனக்கு மிகவும் மதிப்புக்குரியது: பிள்ளைகளுக்குப் பாதகமாகப் பெற்றோருக்கோ அவர்களில் ஒருவருக்கோ ஆதாயம் தரும் உத்தரவு எதையும் நீதிமன்றம் பிறப்பிக்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஆகவே உங்கள் மனுவில் முதலில் பிள்ளைகளின் குடியிருப்பையும் படிப்பையும் எழுதுங்கள். உங்களுக்குக் கேட்பதை அதற்குப் பிறகு எழுதுங்கள். பத்திரத்தின் சான்றிட்ட நகலையும் வில்லங்கச் சான்றையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கி இணையுங்கள். குடும்பநல நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்துக்கொள்வது உரிமையாக அல்ல, நீதிமன்ற அனுமதியோடுதான் என்றாலும், சொத்துப் பத்திரம் சம்பந்தப்பட்டிருப்பதைச் சொல்லி அந்த அனுமதியைக் கேட்டுப் பெறுங்கள். உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். வழக்கு இறுதி வாதத்துக்கு வைக்கப்பட்டுவிட்டால் இந்த மனுவுக்கு நேரம் இருக்காது. அடுத்த வாய்தாவிலேயே தாக்கல் செய்துவிடுங்கள்.